கரன்சி ஃப்யூச்சர்ஸ்: சரியான டிக்கரைப் பிடிப்பது எப்படி

ஃப்யூச்சர்ஸ் என்பது இன்றைக்கே விலை பேசி, பின்னால் ஒரு தேதியில் தீர்க்கும் ஒப்பந்தம், அதாவது கான்ட்ராக்ட். 2026 டிசம்பரில் முடியும் யூரோ ஃப்யூச்சர்ஸ், சிகாகோவின் சிஎம்இ சந்தையைப் பொறுத்தவரை ஒரே ஒரு கான்ட்ராக்ட். அதையே டிரேடிங்வியூவில் ஒரு டிக்கரில், அதாவது குறியீட்டுப் பெயரில் தேட வேண்டும், யாஹூ ஃபைனான்ஸில் இன்னொரு பெயரில். ப்ளூம்பெர்க் டெர்மினலில் எழுத்தே வேறு. பார்சார்ட்டில் எழுத்தும் எண்ணும் இடம் மாறி நிற்கும். பெயர் கிடைக்காமல் தவிப்பது சின்னத் தொல்லைதான். தப்பான பெயர் கிடைத்து, அதுதான் சரி என்று நம்பி ஆர்டர் போடும்போதுதான் காசு கரையும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மைக்ரோ, எதிர்த்திசையில் விலை சொல்லும் ஜோடி, முடிந்துபோன மாதம், ஃப்யூச்சர்ஸே இல்லாத ஸ்பாட் (உடனடிச் சந்தை) விலை என்று எல்லாமே தேடல் பெட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

அதனால் வேலையின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். டிக்கரை முதலில் தேடாதீர்கள். எந்தச் சந்தை, என்ன அளவு, எந்த மாதம் என்று கான்ட்ராக்ட்டை முதலில் முடிவு செய்யுங்கள். டிக்கரை அதிலிருந்து நீங்களே கட்டிவிடலாம். கட்டியது சரியா என்பதை, முந்தைய நாளுக்குச் சந்தை அறிவித்த செட்டில்மென்ட் விலை சொல்லிவிடும்.

இங்கே டிக்கர்களை எழுதியிருக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்துகளை அவற்றின் ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம், படிக்க வசதியாக நடுவில் இடைவெளியும் விட்டிருக்கிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில், சேர்த்தே தட்டுங்கள். இடைவெளி உண்மையிலேயே தேவைப்படும் தளத்தில் அதைத் தனியாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ‘பி’ என்றே வரும், நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ‘டி’ என்றே வரும். பதினாறாவதும் இருபதாவதும் வருகிற இடங்களில் குறிப்பிட்டுவிடுவோம். மற்றபடி ‘பி’ என்றால் இரண்டாம் எழுத்து, ‘டி’ என்றால் நான்காம் எழுத்து.

வலமிருந்து படியுங்கள்

சிஎம்இயின் குளோபெக்ஸ் மின்னணுத் தளத்தில் ஒரு டிக்கருக்கு மூன்று துண்டு: எந்தக் கரன்சி என்று சொல்லும் வேர், மாதத்துக்கு ஓர் எழுத்து, வருடத்துக்கு ஓர் எண். 6இ இசட் 6 என்பதில் 6இ யூரோ, இசட் டிசம்பர், கடைசி 6 என்பது 2026.

மாத எழுத்துகள் உலகம் முழுக்கப் பெரும்பாலான ஃப்யூச்சர்ஸ் சந்தைகளில் ஒன்றேதான். ஜனவரி எஃப், பிப்ரவரி ஜி, மார்ச் எச், ஏப்ரல் ஜே, மே கே, ஜூன் எம், ஜூலை என், ஆகஸ்ட் க்யூ, செப்டம்பர் யு, அக்டோபர் வி, நவம்பர் எக்ஸ், டிசம்பர் இசட். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கரன்சியில் வியாபாரம் குவிவது மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்ற நான்கு காலாண்டு மாதங்களில். எச், எம், யு, இசட் நான்கும் நாவில் நின்றால் போதும். நடு மாதங்களுக்கும் கான்ட்ராக்ட் பட்டியலில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஜனவரி என்பதால் எஃப் மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஏன் இவ்வளவு பள்ளம் என்று விழிப்பது தொடக்கக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

டிக்கரை எப்போதும் வலமிருந்து இடமாகப் பிரியுங்கள். முதலில் வருட எண்ணைக் கழற்றுங்கள், அடுத்து மாத எழுத்து, மிச்சம் இருப்பது வேர். இடமிருந்து படித்தால் சில டிக்கர்கள் தலையைச் சுற்றவைக்கும். 6எம் எம் 6 என்பது மெக்சிகன் பெசோவின் 2026 ஜூன். 6இசட் இசட் 6 என்பது தென்னாப்பிரிக்க ராண்டின் 2026 டிசம்பர். எம்6இ எம் 6 என்பது மைக்ரோ யூரோவின் ஜூன். மூன்றிலும் ஒரே எழுத்து இரண்டு வேலை பார்க்கிறது. வலமிருந்து போனால் ஒரு குழப்பமும் இல்லை.

வருடத்துக்கு ஓர் இலக்கம் மட்டும் இருப்பதால் 6இ இசட் 6 என்பது 2016 டிசம்பரையும் குறிக்கும். இப்போது நடப்பில் உள்ள கான்ட்ராக்ட் எது என்று புரோக்கர் தளத்துக்குத் தெரியும், அங்கே சிக்கல் இல்லை. பழைய விலைத் தரவை கோப்பாக இறக்கும்போதுதான் இது கடிக்கும். பத்து வருட இடைவெளி உள்ள இரண்டு கோப்புகள் ஒரே பெயரில் வந்து, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். சேமிக்கும்போதே நான்கு இலக்க வருடம் போட்டுவிடுங்கள்.

வேர்: பிழைகள் பிறக்கும் இடம்

சிஎம்இயில் முக்கியக் கரன்சிகளின் முழு அளவு கான்ட்ராக்ட்கள் 6 என்ற எண்ணில் தொடங்கும். யூரோ 6இ, ஒரு லாட்டுக்கு (ஒரு கான்ட்ராக்ட்டுக்கு) 1,25,000 யூரோ. பிரிட்டிஷ் பவுண்டு 6பி, 62,500 பவுண்டு. ஜப்பானிய யென் 6ஜே, 1,25,00,000 யென். சுவிஸ் ஃப்ராங்க் 6எஸ், 1,25,000 ஃப்ராங்க். ஆஸ்திரேலிய டாலர் 6ஏ, கனடிய டாலர் 6சி, நியூஸிலாந்து டாலர் 6என், மூன்றும் தலா 1,00,000. மெக்சிகன் பெசோ 6எம், 5,00,000 பெசோ. பிரேசில் ரியால் 6எல், 1,00,000 ரியால். ராண்ட் 6இசட், 5,00,000 ராண்ட்.

(6இ என்று மட்டும் பொதுத் தேடலில் போட்டால் இண்டிகோ விமானங்கள் வரிசையாக வரும். அந்த நிறுவனத்தின் விமானக் குறியீடும் அதுதான். சந்தைப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.)

இந்த 6 வரிசை எல்லாவற்றிலும் விலை ஒரே திசையில்தான்: ஒரு அந்நியக் கரன்சிக்கு எத்தனை அமெரிக்க டாலர். ஸ்பாட் சந்தையில் யெனையும் கனடிய டாலரையும் சுவிஸ் ஃப்ராங்கையும் எல்லோரும் தலைகீழாகப் பேசுவதால் இங்கே சிரமம் வரும். ஸ்பாட்டில் ஒரு டாலருக்கு 151.5 யென் என்றால், 6ஜே காட்டுவது 0.0066. ஸ்பாட்டில் டாலர் ஏறினால் 6ஜே இறங்கும். டாலர் ஏறும் என்று நினைப்பவர் 6ஜேயை விற்க வேண்டும், வாங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் 1ஐ அந்த விலையால் வகுத்துப் பாருங்கள். கனடிய டாலர் 0.7200 என்றால் வகுத்தால் 1.3889 வரும், ஸ்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. தசமப் புள்ளியிலும் ஒரு வேடிக்கை உண்டு. சில தளங்கள் யெனை 0.006600 என்றும், சில 66.00 என்றும், சில 6600 என்றும் காட்டும். டிக்கர் சரிதான், புள்ளியை நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

சிறிய கான்ட்ராக்ட்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பாதி அளவு ஈ-மினி இரண்டுக்கு உண்டு: யூரோவுக்கு இ7, 62,500 யூரோ, யெனுக்கு ஜே7, 62,50,000 யென். பத்தில் ஒரு பங்கான மைக்ரோக்கள் எம்6இ (12,500 யூரோ), எம்6பி (6,250 பவுண்டு), எம்6ஏ (10,000 ஆஸ்திரேலிய டாலர்).

இதே போக்கில் கனடிய டாலரின் மைக்ரோ எம்6சியாகத்தானே இருக்கும் என்று யூகித்தால் மாட்டிக்கொள்வீர்கள். எம்6சி என்பது அமெரிக்க டாலரைக் கனடிய டாலரில் விலை சொல்லும் கான்ட்ராக்ட், அளவு 10,000 அமெரிக்க டாலர். 6சிக்கு நேர் எதிர்த்திசை. 6சியின் உண்மையான குட்டி எம்சிடி. சுவிஸ் ஃப்ராங்கிலும் இதே கதை: எம்6எஸ் டாலரை ஃப்ராங்கில் சொல்வது, 6எஸ்ஸின் குட்டி எம்எஸ்எஃப். யெனின் குட்டி எம்ஜேஒய். 6சியில் வாங்கிய லாட்டுக்குக் காப்பாக எம்6சியை விற்றால், காப்பு கிடைக்காது, பொசிஷன் (முடிக்காமல் திறந்திருக்கும் வியாபாரம்) பெருகும். யூகிக்காமல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதலில் நிற்பவை இவைதான்.

டாலர் சம்பந்தமே இல்லாத ஜோடிகளுக்கு 6 கிடையாது. யூரோவுக்கு எதிராகப் பவுண்டு என்றால் ஆர்பி (பதினாறாம் எழுத்து), யூரோவுக்கு எதிராக யென் ஆர்ஒய், யூரோவுக்கு எதிராக ஃப்ராங்க் ஆர்எஃப். சீனாவுக்கு வெளியே புழங்கும் ஆஃப்ஷோர் யுவான் சிஎன்எச், அதன் மைக்ரோ எம்என்எச். இவை இரண்டும் ஒரு டாலருக்கு எத்தனை யுவான் என்று விலை சொல்பவை, 6 வரிசையின் திசை இங்கே பொருந்தாது.

புரோக்கர் அறிக்கையில் இன்னொரு பெயர்

ஆர்டர் 6ஜேயில் போட்டிருப்பீர்கள். மாலையில் வரும் கணக்கு அறிக்கையில் ஜே1 என்றிருக்கும். புரோக்கர் எதையோ மாற்றி வாங்கிவிட்டார் என்று பதற வேண்டாம். குளோபெக்ஸ் தளத்துக்கு ஒரு குறியீடு, முடிந்த வியாபாரத்தின் கணக்கைத் தீர்க்கும் கிளியரிங்குக்கு இன்னொன்று என்று சிஎம்இ இரண்டு வைத்திருக்கிறது. யூரோவின் கிளியரிங் குறியீடு இசி, பவுண்டுக்குப் பிபி (இரண்டாம் எழுத்து, பிறகு பதினாறாம் எழுத்து), யெனுக்கு ஜே1, கனடிய டாலருக்கு சி1, ஆஸ்திரேலிய டாலருக்கு ஏடி, சுவிஸ் ஃப்ராங்குக்கு இ1. கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். இ என்று தொடங்குவதால் யூரோ என்று தோன்றும், ஆனால் அது ஃப்ராங்க்.

கூவி விற்ற காலத்தின் குறியீடுகள் இன்னொரு அடுக்கு. சிஎம்இயின் பெரும்பாலான ஃப்யூச்சர்ஸ் பிட்கள் (கூவி விற்கும் களங்கள்) 2015 ஜூலையில் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் யெனுக்கு ஜேஒய், கனடிய டாலருக்கு சிடி, ஃப்ராங்குக்கு எஸ்எஃப் என்ற பழைய பெயர்களைச் சில மென்பொருள்கள் இன்றைக்கும் விடவில்லை. டிரேட்ஸ்டேஷனில் யூரோவைத் தேட இசி என்றே போட வேண்டும். ப்ளூம்பெர்க்கிலும் இசி, ஜேஒய், எஸ்எஃப், சிடிதான். அங்கே நியூஸிலாந்து டாலருக்கு என்வி, மெக்சிகன் பெசோவுக்கு பிஇ (பதினாறாம் எழுத்து) என்று சொந்தப் பெயர்களும் உண்டு.

ஒரே கான்ட்ராக்ட், பல தளம்

இனி 2026 டிசம்பர் யூரோவையே கையில் வைத்துக்கொண்டு தளம் தளமாகப் போவோம். வேறு கரன்சி வேண்டுமென்றால் வேரை மட்டும் மாற்றினால் போதும்.

டிரேடிங்வியூவில் வருடம் நான்கு இலக்கம்: 6இ இசட் 2026. முன்னால் சிஎம்இ என்று போட்டு முக்காற்புள்ளி வைத்தால் வேறு சந்தை குறுக்கே வராது. யாஹூவில் வருடம் இரண்டு இலக்கம், பின்னால் ஒரு புள்ளி, அதன்பின் சந்தைப் பெயர்: 6இ இசட் 26 புள்ளி சிஎம்இ. திங்க்ஆர்ஸ்விம்மில் முன்னால் ஒரு சாய்கோடு, பிறகு 6இ இசட் 26. சாய்கோடு இல்லாமல் போட்டால் அது பங்குச் சந்தையில் தேடப்போய்விடும். நிஞ்சாடிரேடரில் மாத எழுத்தே கிடையாது, மாதமும் வருடமும் எண்ணில்: 6இ, ஓர் இடைவெளி, 12-26. இந்த இடைவெளி உண்மையான இடைவெளி, விடாமல் தட்டினால் கிடைக்காது.

பார்சார்ட்டில் 6 பின்னால் போய்விடும்: இ6 இசட் 26. பவுண்டு பி6, யென் ஜே6, ஃப்ராங்க் எஸ்6, ஆஸ்திரேலிய டாலர் ஏ6. திருப்பிப் போட்டால் முடிந்தது என்று பார்த்தால் கனடிய டாலர் சி6 இல்லை, டி6. மெக்சிகன் பெசோ எம்6. எம்6 என்று பார்த்ததும் மைக்ரோ என்று நினைக்கப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பொறி. சிகியூஜி மென்பொருளில் யூரோ இயு6, அதன்பின் மாதமும் வருடமும்.

ப்ளூம்பெர்க்கில் இசி இசட் 6 என்று தட்டி, கரன்சிக்கான மஞ்சள் விசையை அழுத்தி, என்டர் தட்ட வேண்டும். மஞ்சள் விசையை மாற்றி அழுத்தினால் அதே எழுத்துகளில் வேறு ஏதாவது திறந்துகொள்ளும்.

இன்டராக்டிவ் புரோக்கர்ஸில் முறையே வேறு. அங்கே அடிப்படைச் சின்னம் 6இ அல்ல, யூரோவின் மூன்றெழுத்துக் கரன்சிக் குறியீடான இயுஆர். நிரல் எழுதி இணைப்பவர்கள் சின்னம் இயுஆர், வகை ஃப்யூச்சர்ஸ் (எஃப்யுடி, கடைசி எழுத்து இருபதாவது), சந்தை சிஎம்இ, கரன்சி அமெரிக்க டாலர், முடியும் மாதம் 202612, பெருக்கி 125000 என்று கொடுக்க வேண்டும். உள்ளூர்ச் சின்னம் என்ற புலத்தில்தான் 6இ இசட் 6 வரும். சந்தைப் புலத்தில் முன்பு குளோபெக்ஸ் என்று எழுதுவார்கள், பிறகு அது சிஎம்இ என்று மாறிவிட்டது. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் கான்ட்ராக்ட்டே இல்லை என்று பிழைச் செய்தி வருவதற்கு இது ஒரு காரணம்.

மெட்டாடிரேடரில் பொதுவான பெயர் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு புரோக்கரும் தன் விருப்பப்படி வைப்பார். அங்கே சின்னத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து கான்ட்ராக்ட் அளவையும் முடியும் தேதியையும் பார்ப்பதைத் தவிர வழி கிடையாது. பெயரில் யூரோ டாலர் என்று மட்டும் இருந்து, முடியும் தேதி காலியாக இருந்தால், அது பெரும்பாலும் ஸ்பாட் விலையை ஒட்டிய சிஎஃப்டி, அதாவது விலை வித்தியாசத்தை மட்டும் தீர்க்கும் ஒப்பந்தம்.

தொடர் சார்ட்: பார்க்க மட்டும்

ஒவ்வொரு காலாண்டிலும் பெயர் மாறும் சார்ட்டை வைத்துக்கொண்டு நீண்ட காலம் பார்க்க முடியாது என்பதால், மாதங்களை ஒட்டித் தைத்த தொடர் டிக்கர்கள் எல்லாத் தளத்திலும் உண்டு. டிரேடிங்வியூவில் 6இ 1, அதன்பின் ஓர் ஆச்சரியக்குறி; அடுத்த மாதத்துக்கு 1க்குப் பதில் 2. யாஹூவில் 6இ, சமக்குறி, எஃப். டிரேட்ஸ்டேஷனில் மின்னஞ்சலில் வரும் அட் குறி, பிறகு இசி. ப்ளூம்பெர்க்கில் இசி1.

தொடர் டிக்கர் உண்மையான கான்ட்ராக்ட் இல்லை. ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்குத் தாவும் இடத்தில் விலையில் ஒரு படி தெரியும். அந்தப் படியை மறைக்கப் பழைய விலைகளைத் திருத்திக் காட்டும் வசதியும் இருக்கும். திருத்தம் போட்ட சார்ட்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய விலை, அன்று உண்மையில் நடந்த விலையாக இருக்காது. அந்த எண்ணை வைத்து ஆதரவு மட்டம் குறித்தால், சந்தையில் யாரும் கண்டிராத ஒரு விலையில் கோடு போட்டிருப்பீர்கள். போக்கைப் பார்க்கத் தொடர் டிக்கர், விலை மட்டத்துக்கும் ஆர்டருக்கும் மாதம் குறித்த டிக்கர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

6 வரிசையில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசி வியாபார நாள், கான்ட்ராக்ட் மாதத்தின் மூன்றாவது புதன்கிழமைக்கு இரண்டு வேலைநாள் முன்பு. வழக்கமாக அது திங்கட்கிழமை, சிகாகோ நேரம் காலை 9:16 மணிக்கு முடியும். 2026 டிசம்பரில் மூன்றாவது புதன் 16ஆம் தேதி, ஆகவே 6இ இசட் 6க்குக் கடைசி நாள் 14ஆம் தேதி திங்கள். கனடிய டாலர் மட்டும் ஒரு நாள் தள்ளி, புதனுக்கு முந்தைய வேலைநாளில் முடியும், அதாவது 15ஆம் தேதி.

இந்தத் தேதி வரை காத்திருப்பது நல்லதல்ல. முக்கியக் கரன்சிகளில் அந்தக் கரன்சியே கைமாறும், உண்மையான டெலிவரி உண்டு. சில்லறைக் கணக்கு வைத்திருப்பவர்களின் பொசிஷனைப் புரோக்கரே சில நாள் முன்னால் மூடிவிடுவது வழக்கம். வியாபாரமும் முடியும் நாளுக்கு முந்தைய வாரத்திலிருந்தே அடுத்த காலாண்டுக்கு நகரத் தொடங்கும். எந்த நாளில் மாறுவது என்று நாட்காட்டியைக் கேட்பதைவிட, இரண்டு மாதத்தின் வால்யூமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த மாதத்தின் வால்யூம் முந்திய நாள்தான் டிக்கரில் எழுத்தை மாற்ற வேண்டிய நாள்.

மாதப் பெயரே ஏமாற்றும் ஒரு கரன்சி பிரேசில் ரியால். 6எல்லில் மார்ச் எழுத்தான எச் போட்ட கான்ட்ராக்ட், பிப்ரவரியின் கடைசி வேலைநாளிலேயே வியாபாரத்தை முடித்துக்கொள்ளும், கணக்கும் ரொக்கத்தில் தீரும். பிரேசிலின் பி3 சந்தையில் உள்ள டாலர் ஃப்யூச்சர்ஸும் இதே வழக்கத்தில் போவதுதான். அங்கே முழு அளவின் வேர் டிஓஎல், 50,000 டாலர். மினி டபிள்யூடிஓ, 10,000 டாலர். மாத எழுத்துகள் சிகாகோவில் உள்ளவையே, ஆனால் விலை 1,000 டாலருக்கு எத்தனை ரியால் என்று வரும். யூரோவின் பழக்கத்தில் ரியாலைத் தொட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் கணக்கு தப்பும்.

சந்தை மாறினால் எல்லாம் மாறும்

பல கரன்சிகளுக்கு எதிராக டாலரின் மதிப்பைக் காட்டும் டாலர் இண்டெக்ஸ் சிஎம்இயில் இல்லை, ஐசிஇ ஃப்யூச்சர்ஸ் யுஎஸ் சந்தையில் இருக்கிறது. வேர் டிஎக்ஸ், ஒரு லாட் இண்டெக்ஸைப் போல 1,000 மடங்கு டாலர், மாதங்கள் அதே எச், எம், யு, இசட். டிஎக்ஸ்ஒய் என்று செய்திகளில் வருவது இண்டெக்ஸின் ஸ்பாட் மதிப்பு, அதை வாங்கவோ விற்கவோ முடியாது. ஃப்யூச்சர்ஸ் சார்ட் என்று நினைத்து டிஎக்ஸ்ஒய்யைத் திறந்து வைத்திருப்பவர்கள் நிறைய. வால்யூம் பட்டைகள் காலியாக இருப்பதே அதற்கு அடையாளம்.

இந்திய ரூபாயை எடுத்துக்கொண்டால் மூன்று சந்தையில் மூன்று விதம். சிஎம்இயில் எஸ்ஐஆர், 50 லட்சம் ரூபாய். சிங்கப்பூரின் எஸ்ஜிஎக்ஸில் ஐயு, 20 லட்சம் ரூபாய். இந்த இரண்டிலும் விலை 100 ரூபாய்க்கு எத்தனை அமெரிக்க சென்ட் என்று வரும். என்எஸ்இயில் 1,000 டாலர், விலை ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய். திசையே தலைகீழ். என்எஸ்இயில் மாத எழுத்தும் கிடையாது, ஜோடியின் ஆறு எழுத்து, வருடம், மாதத்தின் மூன்றெழுத்து என்று புரோக்கர்கள் நீளமாக எழுதுவார்கள். வாரக் கான்ட்ராக்ட்களும் இருப்பதால், பெயரை விட்டு முடியும் தேதியைப் பார்த்தே எடுங்கள்.

வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் தரும் ஆப்ஷன்ஸ் தனி உலகம். 6இயின் ஆப்ஷன் பட்டியலில் இயுயு, பவுண்டுக்கு ஜிபியு, யெனுக்கு ஜேபியு (நடுவில் பதினாறாம் எழுத்து) என்ற வேர்கள் வரும். ஃப்யூச்சர்ஸ் தேடும்போது இவை வந்தால் நகர்ந்துவிடுங்கள். அமெரிக்காவின் ஃப்யூச்சர்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான சிஎஃப்டிசி வாரந்தோறும் வெளியிடும் பொசிஷன் அறிக்கையை இந்தச் சார்ட்டோடு இணைக்க நினைப்பவர்களுக்கு: அங்கே டிக்கர் செல்லாது, எண் குறியீடுதான். யூரோவுக்கு 099741, யெனுக்கு 097741, பவுண்டுக்கு 096742. முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும், அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றி வையுங்கள்.

கட்டிய டிக்கர் சரியா?

பலர் ஒரு டிக்கின் (விலை நகரக்கூடிய மிகச் சிறிய படியின்) மதிப்பை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவார்கள். அது போதாது. 6இயில் ஒரு டிக் 0.00005, மதிப்பு 6.25 டாலர். பாதி அளவுள்ள இ7இல் ஒரு டிக் 0.0001, மதிப்பு அதே 6.25 டாலர். யெனிலும் அப்படியே, 6ஜே ஜே7 இரண்டுக்கும் ஒரு டிக் 6.25 டாலர்தான். விலை 0.0001 நகர்ந்தால் 6இயில் 12.50, இ7இல் 6.25, எம்6இயில் 1.25. ஆகவே தளத்தின் விவரப் பக்கத்தில் லாட் அளவையே பாருங்கள். கூடவே சந்தையின் பெயர், கடைசி வியாபார நாள், விலையின் திசை. இந்த நான்கும் சிஎம்இ வெளியிடும் கான்ட்ராக்ட் விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

மாதம் சரியா என்பதற்குச் செட்டில்மென்ட் விலைதான் சாட்சி. சந்தையின் தளத்தில் முந்தைய நாளின் செட்டில்மென்ட் விலை மாதவாரியாக இருக்கும். உங்கள் தளத்தில் உள்ள செட்டில்மென்ட் எண் கடைசி இலக்கம் வரை அதோடு பொருந்தினால் கான்ட்ராக்ட் அதேதான். பக்கத்து மாதமாக இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டாலர் வட்டி 4 சதவீதம், யூரோ வட்டி 2 சதவீதம், ஸ்பாட் 1.1000 என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதம் தள்ளியுள்ள கான்ட்ராக்ட் சுமார் 0.0055 மேலே நிற்கும். 6இயில் அது 110 டிக்.

பொருத்தும்போது சார்ட்டின் தினசரி முடிவு விலையை எடுத்துவிடாதீர்கள். சிஎம்இ கரன்சி ஃப்யூச்சர்ஸின் செட்டில்மென்ட், சிகாகோ நேரம் மதியம் 2 மணிக்கு முந்தைய 30 வினாடி வியாபாரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சந்தையோ மாலை 4 மணி வரை ஓடுகிறது. சில தளங்கள் தினசரி முடிவாகச் செட்டில்மென்ட்டைக் காட்டும், சில 4 மணி விலையைக் காட்டும். சில டிக் வித்தியாசத்தைப் பார்த்து டிக்கர் தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். செட்டில்மென்ட் என்று தனியாகப் பெயரிட்ட புலம் இருக்கும், அதை எடுங்கள்.

எல்லாம் சரியாகத் தட்டியும் சார்ட் காலியாக வந்தால், டிக்கரைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயம். முதலாவது நேரம்: சிகாகோ மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே தினமும் ஒரு மணி நேர இடைவேளை, வெள்ளி மாலை 4 மணியிலிருந்து ஞாயிறு மாலை 5 மணி வரை விடுமுறை. இரண்டாவது சந்தா: சிஎம்இயின் நேரடி விலைக்குத் தனிக் கட்டணம். கட்டாத கணக்கில் 10 நிமிடம் தாமதமான விலை வரும், அல்லது தளத்தைப் பொறுத்து ஒன்றுமே வராது. தாமதமான விலையில் ஓடும் சார்ட் பார்வைக்கு நேரடிச் சார்ட் போலவே இருக்கும். ஆர்டர் பெட்டியில் தெரியும் விலைக்கும் சார்ட்டில் தெரியும் விலைக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும் வித்தியாசம் இருந்தால், டிக்கரை விட்டுவிட்டுச் சந்தாவைப் பாருங்கள். வித்தியாசம் நிலையாக ஒரே அளவில் நின்றால் மாத எழுத்தைப் பாருங்கள்.